கடல் இல்லாத மாவட்டத்துக்கும் காற்று வரைபடம் உண்டு: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

புயல் என்றாலே நம் நினைவுக்கு வருவது கடற்கரைதான். நாகை, கடலூர், புதுச்சேரி, சென்னை என்று ஊர்களின் பெயரை அடுக்குவோம். கள்ளக்குறிச்சி அந்தப் பட்டியலில் வராது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தமிழகத்தின் 34-வது மாவட்டமாகத் தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சிக்குக் கடற்கரையே கிடையாது. கிழக்கே உளுந்தூர்பேட்டை, வடகிழக்கே திருக்கோவிலூர், மேற்கே சின்னசேலம், வடமேற்கே கல்வராயன் மலை என்று நான்கு பக்கமும் நிலம்தான். கள்ளக்குறிச்சி நகரிலிருந்து கடலூர்க் கரைக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்.

ஆனால் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. கரையைத் தொட்ட பிறகும் நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. அதிகம் பாதிக்கப்பட்டதாக அறிவித்து, குடும்ப அட்டைதாரர்களுக்குத் தலா 2,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு கொடுத்தது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு. அவற்றில் ஒன்று கடலே இல்லாத மாவட்டம்.

அப்படியானால் வீடு கட்டும்போது, கூரை போடும்போது, மொட்டை மாடியில் சீட் கொட்டகை இறக்கும்போது காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியது கடற்கரைக்காரர்கள் மட்டும்தானா? இதற்கு இந்திய அரசின் தர நிர்ணய அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை ஒரு வரைபடமாகவும் வரைந்து வைத்திருக்கிறது. அதை எப்படிப் படிப்பது, நம் ஊருக்கு அது என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

காற்று வரைபடம் என்றால் என்ன?

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமையைச் சொல்லும் இந்தியத் தர விதியின் பெயர் ஐ.எஸ். 875, பகுதி 3. இது 1987-ல் விரிவாகத் திருத்தப்பட்டு, மீண்டும் 2015-ல் புதுப்பிக்கப்பட்டது. இதில் உள்ள இந்திய வரைபடம் நாட்டை ஆறு காற்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் 'அடிப்படைக் காற்று வேகம்' உண்டு. விநாடிக்கு 33, 39, 44, 47, 50, 55 மீட்டர் என்பவையே அந்த ஆறு எண்கள். மணிக்குக் கிலோமீட்டராக மாற்றினால் ஏறத்தாழ 119, 140, 158, 169, 180, 198 என்று வரும்.

இதே விதியின் பின்னிணைப்பில் முக்கிய நகரங்களின் பட்டியல் உள்ளது. அதில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50, திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39, பெங்களூருக்கு 33. கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கே போகப் போக எண் குறைவதை இதில் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் புதுச்சேரிக்கு மேற்கே, திருச்சிக்கு வடக்கே இருக்கிறது. அதாவது இந்தியாவின் கடுமையான காற்று மண்டலங்களின் பக்கத்தில்தான் இருக்கிறதே தவிர, 33 என்ற அமைதியான மண்டலத்தில் இல்லை.

கடல் இல்லாவிட்டால் காற்று இல்லை என்ற எண்ணத்தை இந்தப் பட்டியலே உடைத்துவிடும். டெல்லிக்கு 47. பீகாரின் தர்பங்காவுக்கு 55. இரண்டுமே கடலைப் பார்க்காத ஊர்கள். ஏனென்றால் இந்த வரைபடம் புயலை மட்டும் வைத்து வரையப்பட்டதில்லை. கோடையில் இடி மழைக்கு முன்னால் திடீரென்று அடிக்கும் சூறைக்காற்றும் அந்தக் கணக்கில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அரைமணி நேரம் அடித்துவிட்டு ஓயும் அந்தக் காற்றில் வாழை சாய்வதையும் தகரம் பறப்பதையும் உள் மாவட்டங்களில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த மண்டலங்களை மாவட்ட வாரியாகப் பெரிதாக்கி, அந்தந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகள் மண் சுவர், எத்தனை ஓட்டுக் கூரை, எத்தனை சீட் கூரை என்ற கணக்கோடு சேர்த்துத் தரும் நூலும் உண்டு. மத்திய அரசின் கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் கழகம் அதை 1997-ல் முதலில் வெளியிட்டது. பிறகு 2006-லும் 2019-லும் புதுப்பித்தது. அந்த நூலில் 50 என்ற மண்டலம் 'மிக அதிகச் சேத அபாயம்' என்றும், 47 'அதிகச் சேத அபாயம்' என்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

வானிலை அறிக்கையின் வேகமும் வரைபடத்தின் வேகமும்

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90 என்று வானிலை மையம் சொன்னது. 2020 நவம்பரில் வந்த நிவருக்கு 120 முதல் 130, இடையிடையே 145. அப்படியிருக்க, வரைபடம் புதுச்சேரிக்கு 180 என்கிறதே, இது மிகையில்லையா?

மிகையில்லை. வானிலை மையம் முதலில் சொல்லும் எண், 3 நிமிடம் நீடிக்கும் சராசரி வேகம். 'இடையிடையே' என்று சொல்வதுதான் வீச்சுக் காற்று. வரைபடத்து எண் 3 விநாடி நேர வீச்சுக் காற்றின் வேகம். திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளப்பது. கூரையைப் பிடுங்குவதற்கு 3 நிமிடம் தேவையில்லை. 3 விநாடி போதும். ஆகவே வரைபடத்து எண்ணை வானிலை அறிக்கையின் இரண்டாவது எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வீச்சில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வருகிறது. 180 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 153 கிலோ. அப்படியானால் புதுச்சேரிப் பக்கத்தில் ஃபெஞ்சலின் காற்றுக்கே சீட்டைப் பறிகொடுத்த ஒரு வீடு, விதி கேட்கும் பலத்தில் கால் பங்குகூட இல்லாமல் கட்டப்பட்டிருந்தது என்று பொருள். 'நம் வீடு ஃபெஞ்சலில் ஒன்றும் ஆகவில்லை, இனிப் பயமில்லை' என்று இருந்துவிடவும் முடியாது. அந்தப் புயல் நமக்குக் காட்டியது பெரும்பாலும் மழையைத்தான்.

'50 ஆண்டுக்கு ஒருமுறை' என்பதன் பொருள்

வரைபடத்து வேகம் 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்று விதி சொல்கிறது. இதைக் கேட்டதும், 'இப்போது வந்துவிட்டது, இனி நம் பிள்ளைகள் காலத்தில்தான்' என்று எடுத்துக்கொள்கிறோம். கணக்கு அப்படி இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த வேகத்தை மிஞ்சும் காற்று வர 100-க்கு 2 வாய்ப்பு என்பதே அதன் பொருள். போன ஆண்டு வந்தாலும் இந்த ஆண்டும் அதே 2 வாய்ப்பு இருக்கும்.

ஆண்டுக்கு 2 என்பது சிறிதாகத் தெரியும். ஆனால் 30 ஆண்டு நிற்கும் ஒரு வீட்டுக்கு அது ஏறத்தாழ 45 சதவீதமாகிறது. 50 ஆண்டு நிற்கும் வீட்டுக்கு 63 சதவீதம். கடன் வாங்கிக் கட்டிய வீடு, கடன் தீர்ந்து பிள்ளைகள் கைக்குப் போவதற்குள் அந்தக் காற்றை ஒருமுறையாவது பார்ப்பதற்கு வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

வரைபடத்து எண் நம் வீட்டு எண்ணாவது எப்படி?

வரைபடத்தில் உள்ளது ஊருக்குப் பொதுவான எண். அதை நம் மனைக்கு ஏற்ப மாற்ற விதி நான்கு காரணிகளைத் தருகிறது. நான்கையும் அடிப்படை வேகத்தோடு பெருக்க வேண்டும்.

முதலாவது, கட்டடத்தின் ஆயுளும் முக்கியத்துவமும். சாதாரண வீட்டுக்கு இது 1. தற்காலிகப் பந்தல், கொட்டகைக்குக் குறையும். மருத்துவமனை, தகவல் தொடர்புக் கோபுரம் போன்றவற்றுக்குக் கூடும்.

இரண்டாவது, சுற்றுப்புறமும் உயரமும். 10 மீட்டர் உயரத்தில், மரங்களும் வீடுகளும் அங்கொன்று இங்கொன்றாக உள்ள திறந்த வெளிக்கு இது 1.00. நெருக்கமாக வீடுகள் உள்ள ஊருக்குள் 0.91. மரமே இல்லாத வெட்டவெளிக்கு 1.05. கள்ளக்குறிச்சி கடைவீதியில் உள்ள வீடும், கரும்புக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே தனியாக நிற்கும் வீடும் ஒரே காற்றைத் தாங்குவதில்லை என்பதை இந்தக் காரணி சொல்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து வயலை மனையாக்கி முதல் ஆளாக வீடு கட்டுகிறவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பக்கத்து மனைகளில் வீடு எழும்பும்வரை அவர் வீடு திறந்தவெளி வீடுதான்.

மூன்றாவது, நில அமைப்பு. சமதளத்துக்கு 1. குன்று, மலை முகடு, செங்குத்துச் சரிவு ஆகியவற்றுக்கு இது 1.36 வரை போகும்.

நான்காவது, 2015 திருத்தத்தில் சேர்ந்தது. கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் புயல் தாக்கும் பகுதிக்கு உரிய முக்கியத்துவக் காரணி.

கடைசி இரண்டும் நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமானவை என்பதால் அவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

மாவட்டத்தின் ஊடே போகும் 60 கிலோமீட்டர் கோடு

நான்காவது காரணி கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்குப் பொருந்தும். அந்தப் பட்டைக்குள், புயலுக்குப் பிறகு மக்களுக்கு உதவ நின்றாக வேண்டிய கட்டடங்களுக்கு 1.30 மதிப்பு. புயல் பாதுகாப்பு மையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தகவல் தொடர்புக் கோபுரம் போன்றவை இதில் வரும். தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 1.15. மற்றவற்றுக்கு 1.

வேகத்தை 1.30-ஆல் பெருக்கினால் அழுத்தம் 1.69 மடங்காகும். அதாவது ஒரு பள்ளிக்கூடம் பக்கத்து வீட்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல் காற்றுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும்.

கள்ளக்குறிச்சி நகரம் கடலிலிருந்து 90 கிலோமீட்டர் என்பதால் பட்டைக்கு வெளியே. திருக்கோவிலூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அதுவும் வெளியே. ஆனால் உளுந்தூர்பேட்டை கடலிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். அது பட்டைக்குள் வருகிறது. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர் அலுவலகம். ஆனால் உளுந்தூர்பேட்டையில் எழும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு, கள்ளக்குறிச்சியில் எழும் பள்ளிக்கூடத்துக்கு வேறு கணக்கு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரைபடத்தை நகலெடுத்துக் கட்டடம் கட்டினால் கிழக்குப் பக்கத்தில் பலம் குறைந்துவிடும்.

கோடு தாளில் இருக்கிறது. காற்று 60-வது கிலோமீட்டரில் நின்றுவிடுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், உள்ளே புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னந்தோப்புகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டு, மேற்கே கொடைக்கானல் மலை வரை மரங்களை முறித்துப் போட்டது. எனவே கோட்டுக்குச் சற்று வெளியே உள்ள ஊர்களிலும், மக்கள் அடைக்கலம் தேடி வரக்கூடிய கட்டடத்துக்கு 1.30 கணக்கையே எடுத்துக்கொள்வது நல்லது. அது சட்டக் கட்டாயம் இல்லைதான். ஆனால் வீட்டுக் கூரை போனவர்கள் ஓடிவரும் இடத்தின் கூரையும் போய்விட்டால் பிறகு எங்கே போவது?

மலை மேல் வேறு காற்று

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமாக உள்ளது. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மேட்டிலும் சரிவிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. கோமுகி ஆறு இங்கிருந்துதான் இறங்குகிறது.

காற்று வரைபடத்தைப் பார்த்து மலை மேல் வீடு கட்டுகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது. வரைபடத்து எண் சமதளத்துக்கானது. மலையின் விளைவு அதில் சேர்க்கப்படவில்லை. சமவெளியில் வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் போல. வேகம் மிக அதிகமாவது முகட்டின் உச்சியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். சரிவு ஏறத்தாழ 3 பாகைக்கு மேல் இருந்தாலே மூன்றாவது காரணியைக் கணக்கிட வேண்டும் என்கிறது விதி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அடிப்படை வேகம் 47 என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளிச் சமதளத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிலோ. வீடுகள் நெருங்கிய ஊருக்குள் 112 கிலோ. அதே வேகத்தில் மலை முகட்டில், காரணி 1.2 என்றால் 195 கிலோ. காரணி 1.36 என்றால் ஏறத்தாழ 250 கிலோ. அடிவாரத்து ஊருக்குள் பத்து ஆண்டு அசையாமல் நின்ற சீட் கூரையை அதே ஆணி, அதே ஆங்கிள் வைத்து மலை முகட்டில் போட்டால், அது தாங்க வேண்டிய சுமை இரண்டு மடங்குக்கும் மேல். அடிவாரத்திலிருந்து கொத்தனாரையும் வெல்டரையும் கூட்டிப்போய் வேலை முடிக்கும்போது இந்த வேறுபாடு யார் கவனத்துக்கும் வருவதில்லை.

மலைவாழ் மக்களின் பழைய வீடுகள் மூங்கிலும் மண்ணும் வைத்துக் கட்டப்பட்டு, புல் வேய்ந்து, தாழ்வாக இருந்தன. அவற்றுக்கு வேறு குறைகள் உண்டு. மழையில் நனைந்து கரையும், தீப்பிடிக்கும். ஆனால் தாழ்ந்த கூரைக்குள் காற்று புகுந்து தூக்குவது கடினம். அந்த இடத்தில் இப்போது ஹாலோ பிளாக் சுவரும் தகர சீட்டும் வந்திருக்கின்றன. சுவர் உறுதியானது, கூரை இலேசானது. காற்றைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றம் ஆக வேண்டுமானால், கூரையைச் சுவரோடு கட்டும் வேலை சரியாக நடக்க வேண்டும்.

அரசு வீட்டுத் திட்டங்களில் கான்கிரீட் தளம் வருவதால் இந்தக் கவலை பெருமளவு குறைகிறது. ஆனால் மலையில் மனை தேர்ந்தெடுக்கும்போதே, முகட்டின் விளிம்பைத் தவிர்த்துச் சற்றுப் பின்வாங்கிக் கட்டுவது பணம் செலவில்லாத பாதுகாப்பு.

காற்று கூரையைத் தூக்குகிறது

காற்று சுவரைத் தள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூரையை அது மேல்நோக்கி இழுக்கிறது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. கூரைக்கு மேல் வேகமாக ஓடும் காற்று உறிஞ்சுகிறது. அதே நேரத்தில் கதவோ ஜன்னலோ உடைந்து உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்துதான் கூரை பறக்கிறது. சுவரில் திறப்பு கூடக் கூட உள் அழுத்தமும் கூடும் என்பதற்கு விதியில் தனி எண்களே உள்ளன.

10 அடிக்கு 20 அடி உள்ள ஓர் அறை. பரப்பு ஏறத்தாழ 18.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 135 கிலோ மேல்நோக்கி இழுத்தால், மொத்தம் இரண்டரை டன். அந்தக் கூரையில் போட்ட தகர சீட்டின் எடை சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ. ஆக, நூறு கிலோவுக்கும் குறைவான சீட்டை இரண்டரை டன் விசை தூக்குகிறது. அதை எதிர்த்து நிற்பவை போல்ட்டும், ஆங்கிளும், சுவரோடு உள்ள பிடிப்பும்தான். சீட்டின் மேல் நாலு கல்லையும் மணல் மூட்டையையும் வைப்பது மனத்துக்கு ஆறுதல் தரும், கணக்குக்கு உதவாது. அந்தக் கல் பறந்து வந்து ஆளைக் கொல்லவும் கூடும்.

இதற்கு எதிராக 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. தன் எடையாலேயே அது நின்றுவிடும். ஆனால் கான்கிரீட் வீட்டுக்காரர்களும் தப்பவில்லை. வெயிலுக்காகவும் துணி உலர்த்தவும் மொட்டை மாடியில் நாலு பைப்பை நட்டு ஒரு சீட் கொட்டகை போடுகிறோமே, அதுதான் வீட்டிலேயே மிகப் பலவீனமான இடம். வரைபட அனுமதி வாங்கிய பிறகு வருவதால் எந்தப் பொறியாளரும் அதைப் பார்ப்பதில்லை. நான்கு பக்கமும் திறந்த அந்தக் கூரை தரையைவிட உயரத்தில், முழுக்காற்றில் நிற்கிறது. பறந்தால் விழுவது பக்கத்து வீட்டின் மேல்.

விதி எப்போது சட்டமாகிறது?

ஐ.எஸ். 875 ஒரு தர விதி. அதைச் சுருக்கித் தன்னுள் கொண்டிருப்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016. இவை இரண்டும் தாமாகவே சட்டமாவதில்லை. மாநில அரசு தன் விதிகளில் ஏற்கும்போதுதான் கட்டாயமாகும். தமிழகத்தில் அந்த இடத்தில் இருப்பது 2019-ல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். புயல் பகுதிகளில் தாழ்வான வீடுகளை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஐ.எஸ். 15498 என்ற தனி வழிகாட்டி 2004 முதல் உள்ளது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுகிறவர்கள், இணைய வழியில் தாமே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார், தவறு இருந்தால் சொல்வார் என்ற எதிர்பார்ப்புக்கு இனி இடமில்லை. வீட்டின் உறுதிக்குப் பொறுப்பு கட்டுகிறவருடையது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளை அவர்தான் கேட்க வேண்டும்.

மற்றவர்கள் எப்போது விழித்தார்கள்?

பெரும்பாலான நாடுகளில் காற்று விதிகள் ஒரு பேரழிவுக்குப் பிறகே கடுமையாயின. 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் பெரும்பாலான வீடுகளை அழித்தது. அதன் பிறகே அங்கு வீடுகளுக்கும் பொறியியல் கணக்கு கட்டாயமானது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி வந்து போன பிறகு, மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி 2002-ல் நடைமுறைக்கு வந்தது.

நமக்கு மிக அருகில், 1978 நவம்பரில் இலங்கையின் மட்டக்களப்பைத் தாக்கிய புயலை அங்குள்ள தமிழர்களும் முஸ்லிம்களும் இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு 1980-ல் இலங்கை அரசு பலத்த காற்றுக்கு ஏற்ற கட்டட வடிவமைப்புக் கையேட்டை வெளியிட்டு, தீவை மூன்று காற்று மண்டலங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை கடுமையான மண்டலமானது. அங்கெல்லாம் உயிர்களைக் கொடுத்த பிறகு வரைபடம் கிடைத்தது. நம்மிடம் வரைபடம் முன்பே இருக்கிறது.

பள்ளிவாசல், மதரஸா, மண்டபம்

2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டு, எல்லா மதத்தினரும் அங்கே தங்கியதை நாடே பார்த்தது. பேரிடரில் மக்கள் தேடி வரும் இடமாக இருப்பதால், ஜமாஅத் நிர்வாகிகள் மூன்று விஷயங்களைக் கவனிப்பது கடமை.

ஒன்று, மினாரா. உயரம் அடிப்பக்க அகலத்தைப்போல் ஏறத்தாழ 5 மடங்குக்கு மேல் போனால், காற்றில் அது ஆடும் தன்மையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்கிறது விதி. பெரும்பாலான மினாராக்கள் இந்த அளவைத் தாண்டியவை. வெளியூர் மினாராவின் படத்தைக் காட்டி 'இதுபோல்' என்று கட்டச் சொல்வதும், பழைய மினாராவின் மேல் இன்னொரு அடுக்கு ஏற்றுவதும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் நடக்கக்கூடாது.

இரண்டு, பெரிய சீட் கூரைகள். தொழுகைக்கு இடம் போதாமல் முற்றத்திலோ மாடியிலோ போடும் கூரை, மதரஸா வகுப்பறை, நிக்காஹ் மண்டபம் ஆகியவை அகலமானவை. அகலம் கூடினால் தூக்கும் விசையும் கூடும். இவற்றுக்குக் கொட்டகைக் கணக்கு போதாது.

மூன்று, ஒலிபெருக்கிக் கம்பம், பெயர்ப்பலகை, தண்ணீர் டேங்க், சோலார் பேனல். இவையே முதலில் விழும்.

பொறியாளரிடமும் வெல்டரிடமும் கேட்க வேண்டியவை

1. எங்கள் மனைக்கு எந்த அடிப்படை வேகத்தை எடுத்தீர்கள்? சுற்றுப்புறம் திறந்தவெளியா, ஊரா? மலை என்றால் நில அமைப்புக் காரணி எவ்வளவு?

2. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை பிடிப்பு தொடர்கிறதா? சீட் பர்லினோடும், பர்லின் ட்ரஸ்ஸோடும், ட்ரஸ் சுவரின் மேல் ஓடும் கான்கிரீட் பீமோடும், பீம் தூண் வழியே அஸ்திவாரத்தோடும் இணைந்திருக்க வேண்டும். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி தளர்ந்தாலும் அங்கே அறும். ட்ரஸ்ஸை வெறும் செங்கல் சுவரில் புதைத்து விடுவது போதாது.

3. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் போல்ட் நெருக்கமாக உள்ளதா? உறிஞ்சல் மிக அதிகமாக இருப்பது அங்கேதான். நடுவில் விட்ட இடைவெளியை ஓரத்திலும் விடக்கூடாது. போல்ட்டுக்கு அகலமான வாஷர் போட்டதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் போல்ட் நிற்கும், சீட் கிழிந்து போகும்.

4. கூரையின் வடிவம் என்ன? இருபுறம் சரியும் கூரையைவிட நான்கு புறமும் சரியும் கூரை காற்றுக்கு நல்லது. தட்டையாகக் கிடக்கும் சீட்டில் உறிஞ்சல் கூடும். இறவாணத்தை நீளமாக வெளியே விடாதீர்கள்; விட்டால் கீழே தனியாகக் கட்டுங்கள்.

5. கதவும் ஜன்னலும் உள்ளிருந்து உறுதியாகத் தாழிட முடியுமா? அவை காற்றில் திறந்துகொண்டால் கூரைக்கும் ஆபத்து.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒருமுறை மாடி ஏறிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவது, பைப் தூண்களுக்குக் குறுக்குத் தாங்கல் வைப்பது, வீட்டின் மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது ஆகியவை ஒருநாள் வேலை. புயல் எச்சரிக்கை வந்தால் பிளாஸ்டிக் டேங்கைத் தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலி டேங்க் பறக்கும். சீட் கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் காற்று தொடங்குமுன் கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

கள்ளக்குறிச்சி போன்ற உள் மாவட்டங்களில் காற்று விதிகளைப் பற்றிப் பேசினால், 'இங்கே எங்கே புயல்?' என்ற கேள்விதான் முதலில் வரும். அந்த நம்பிக்கையினாலேயே கூரை வேலையில் மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம். சிமெண்ட் மூட்டையையும் டைல்ஸையும் நாலு கடை விசாரித்து வாங்கும் நாம், போல்ட்டையும் வாஷரையும் வெல்டர் கையில் விட்டுவிடுகிறோம். ஒரு சிறிய வீட்டின் கூரையைச் சரியாகக் கட்ட ஆகும் கூடுதல் செலவு, பறந்த கூரையை மீண்டும் போடும் செலவில் சிறு பங்குதான். இனி நம் மஹல்லாவில், நம் தெருவில் யார் வீடு கட்டத் தொடங்கினாலும், மனையடி பார்த்தாயிற்றா, தண்ணீர் பார்த்தாயிற்றா என்று கேட்பதோடு, காற்று பார்த்தாயிற்றா என்றும் கேட்போம்.